சர்ட்1 பிறபொருளெதிரி

சர்ட்1 பிறபொருளெதிரி என்பது சர்டுயின் குடும்பத்தைச் சேர்ந்த சர்ட்1 என்னும் புரதத்தை உயிரணுக்களிலும் திசுக்களிலும் கண்டறிய ஆய்வகங்களில் பயன்படுத்தப்படும் வினைப்பொருள் ஆகும். பிறபொருளெதிரியை ஆன்டிபாடி எனவும் எதிர்ப்பொருள் எனவும் அழைப்பதுண்டு. முதுமை, வளர்சிதைமாற்றம், புற்றுநோய், நரம்புச் சிதைவு ஆகியவை தொடர்பான ஆய்வுகளில் சர்ட்1 புரதம் எவ்வளவு உள்ளது, உயிரணுவில் எங்கு உள்ளது, எந்தப் புரதங்களுடன் சேர்ந்துள்ளது என்பதை அறிய இது உதவுகிறது. இது நோயறிதலுக்கோ சிகிச்சைக்கோ உரிய மருந்து அன்று. இதன் குப்பிகளில் "ஆய்வுப் பயன்பாட்டிற்கு மட்டும்" என்ற குறிப்பு இடம்பெறுவது வழக்கம்.

ஒரு பிறபொருளெதிரி தான் பிணைந்த பொருளின் பெயரைச் சொல்வதில்லை. சவ்வில் ஒரு கரும்பட்டையையோ நுண்ணோக்கியில் ஓர் ஒளிப்புள்ளியையோ மட்டுமே அது தருகிறது. அந்தப் பட்டை சர்ட்1 தானா என்பதை ஆய்வாளரே தனியாக மெய்ப்பிக்க வேண்டும். சர்ட்1 புரதம் தன் கணக்கிட்ட எடையில் தோன்றாமல் வேறோர் இடத்தில் தோன்றுவதால், இப்புரதத்தைப் பொறுத்தவரை இந்த மெய்ப்பித்தல் மிகவும் இன்றியமையாததாகிறது.

சர்டுயின் புரதங்கள்

சர்டுயின் என்ற பெயர் ஈஸ்டில் கண்டறியப்பட்ட சர்2 என்னும் மரபணுவிலிருந்து வந்தது. சில மரபணுப் பகுதிகளை வெளிப்படாமல் அடக்கி வைக்கும் பணியைச் செய்வதால் அம்மரபணு இப்பெயரைப் பெற்றது. சர்2 மரபணுவின் கூடுதல் படி இருந்தால் ஈஸ்ட் உயிரணுவின் ஆயுள் நீள்கிறது என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லெனார்ட் குவாரெண்டேயின் ஆய்வுக் குழு 1999இல் தெரிவித்தது. 2000ஆம் ஆண்டில் அதே குழு சர்2 புரதம் ஒரு நொதி என்பதையும் அது செயல்பட என்ஏடி என்னும் மூலக்கூறு தேவை என்பதையும் காட்டியது. என்ஏடி உணவிலிருந்து ஆற்றல் பெறும் வினைகளில் பங்கேற்கும் மூலக்கூறாகும். எனவே உணவு, ஆற்றல், முதுமை ஆகிய மூன்றையும் இணைக்கும் கண்ணியாகச் சர்டுயின்கள் கருதப்பட்டன. இவற்றின்மீது பெரும் ஆர்வம் எழுந்ததற்கு இதுவே காரணம்.

மனிதரிலும் பிற பாலூட்டிகளிலும் ஏழு சர்டுயின்கள் உள்ளன. அவை உயிரணுவில் பெரும்பாலும் காணப்படும் இடங்கள் பின்வருமாறு:

சர்ட்1: உட்கரு
சர்ட்2: சைட்டோபிளாசம்
சர்ட்3, சர்ட்4, சர்ட்5: மைட்டோகாண்ட்ரியா
சர்ட்6: உட்கரு
சர்ட்7: உட்கருவினுள் உள்ள நுண்கரு

இவற்றுள் ஈஸ்டின் சர்2 புரதத்தை மிகவும் ஒத்திருப்பது சர்ட்1 ஆகும். மனிதரில் இதற்கான மரபணு 10ஆம் குரோமோசோமில் அமைந்துள்ளது. மனிதச் சர்ட்1 புரதம் 747 அமினோ அமிலங்களாலும் சுண்டெலியின் சர்ட்1 புரதம் 737 அமினோ அமிலங்களாலும் ஆனவை.

சர்ட்1 ஓர் அசிட்டைல் நீக்கி நொதியாகும். பிற புரதங்களின் லைசின் என்னும் அமினோ அமிலத்தில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் தொகுதியை இது நீக்குகிறது. ஒவ்வொரு முறை நீக்கும்போதும் ஒரு என்ஏடி மூலக்கூறு செலவாகி, நிகோட்டினமைடு வெளிப்படுகிறது. ஹிஸ்டோன்கள், கட்டிகளை அடக்கும் பி53 புரதம், ஃபாக்ஸ்ஓ புரதங்கள், பிஜிசி-1 ஆல்ஃபா ஆகியவை சர்ட்1 செயல்படும் புரதங்களுள் சில. பி53 புரதத்தின்மீது சர்ட்1 செயல்படுவது 2001இல் வெளியான ஆய்வுகளில் காட்டப்பட்டது.

பிறபொருளெதிரியின் தேவை

ஓர் உயிரணுவில் பல்லாயிரம் வகைப் புரதங்கள் கலந்துள்ளன. நிறத்தாலோ வடிவத்தாலோ அவற்றிலிருந்து சர்ட்1 புரதத்தை வேறுபடுத்திப் பார்க்க இயலாது. ஒரு மரபணுவின் தூது ஆர்என்ஏ அளவை எளிதில் அளக்கலாம் என்றாலும், அது புரதத்தின் அளவை எப்போதும் காட்டுவதில்லை. ஆர்என்ஏ கூடியிருந்தும் புரதம் விரைவாகச் சிதைக்கப்பட்டிருக்கலாம். ஆகவே புரதத்தையே நேரடியாகக் காண வேண்டியுள்ளது.

பிறபொருளெதிரி இதற்கு ஏற்ற இயற்கைக் கருவியாகும். முதுகெலும்பிகளின் நோயெதிர்ப்பு மண்டலம் அயற்பொருள்களை அடையாளம் காண உருவாக்கும் ஆங்கில ஒய் எழுத்து வடிவப் புரதம் இது. ஆய்வகங்களில் பெரும்பாலும் பயன்படும் ஐஜிஜி வகைப் பிறபொருளெதிரி சுமார் 150 கிலோடால்டன் எடை கொண்டது. அதில் தலா 50 கிலோடால்டன் எடையுள்ள இரண்டு கனச் சங்கிலிகளும் தலா 25 கிலோடால்டன் எடையுள்ள இரண்டு இலகுச் சங்கிலிகளும் உள்ளன. ஒய் வடிவின் இரு கை நுனிகளும் இலக்குப் புரதத்தின் ஒரு சிறு பகுதியைப் பற்றிக்கொள்கின்றன. பற்றப்படும் அச்சிறு பகுதி எபிடோப் எனப்படும். அது பெரும்பாலும் சில அமினோ அமிலங்கள் அளவே இருக்கும். அதே போன்ற வரிசையோ வடிவமோ வேறொரு புரதத்தில் இருந்தால் பிறபொருளெதிரி அதையும் பற்றும். இது குறுக்கு வினை எனப்படும்.

தயாரிக்கும் முறை

முதற்படி, விலங்கிற்குச் செலுத்த வேண்டிய தூண்டுபொருளைத் தேர்ந்தெடுப்பதாகும். சர்ட்1 புரதத்தின் நடுப்பகுதியில் வினையூக்கப் பகுதி உள்ளது. இப்பகுதி ஏழு சர்டுயின்களிலும் ஓரளவு ஒத்திருக்கும். இங்கிருந்து தூண்டுபொருளை எடுத்தால் கிடைக்கும் பிறபொருளெதிரி மற்றச் சர்டுயின்களையும் பற்றக்கூடும். புரதத்தின் தொடக்க முனையும் இறுதி முனையும் சர்ட்1க்கே உரிய வரிசைகளைக் கொண்டவை. ஆகவே தூண்டுபொருள் பெரும்பாலும் இம்முனைகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறது. அது ஒரு குறும் பெப்டைடாகவோ நுண்ணுயிரியில் உருவாக்கிய புரதத் துண்டாகவோ இருக்கலாம்.

பிறபொருளெதிரிகள் மூன்று வகைகளில் கிடைக்கின்றன.

பாலிக்ளோனல்: முயல் போன்ற விலங்கிற்குத் தூண்டுபொருளைச் செலுத்தி, அதன் குருதிநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. இது பல பிறபொருளெதிரிகளின் கலவை; ஒரே புரதத்தின் பல எபிடோப்களைப் பற்றும். ஆகவே சமிக்ஞை வலுவாக இருக்கும். ஆனால் அந்த விலங்கு இறந்த பின் அதே கலவையை மீண்டும் பெற முடியாது. அடுத்த விலங்கிலிருந்து பெறும் தொகுதி வேறுபடும்.

மோனோக்ளோனல்: ஒரே பி உயிரணுவின் வழித்தோன்றல்கள் உருவாக்கும் ஒரே வகைப் பிறபொருளெதிரி. ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1975இல் இம்முறையை வெளியிட்டனர். பிறபொருளெதிரி தரும் உயிரணுவையும் முடிவின்றிப் பெருகும் புற்று உயிரணுவையும் இணைத்து ஹைப்ரிடோமா என்னும் கலப்பு உயிரணுவை அவர்கள் உருவாக்கினர். இவ்விருவரும் நீல்ஸ் ஜெர்னேயும் 1984இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மறுசேர்க்கை வகை: பிறபொருளெதிரிக்கான டிஎன்ஏ வரிசையை அறிந்து, அதை வளர்ப்பு உயிரணுக்களில் செலுத்தி உருவாக்கப்படுவது. வரிசை எழுத்தில் பதிவாகியிருப்பதால் எந்த ஆண்டிலும் அதே பிறபொருளெதிரியைத் திரும்பவும் பெறலாம்.

வெஸ்டர்ன் பிளாட் முறையில் கண்டறிதல்

சர்ட்1 பிறபொருளெதிரியின் மிகப் பரவலான பயன்பாடு வெஸ்டர்ன் பிளாட் முறையாகும். 1979இல் வெளியான இம்முறைக்கு 1981இல் இப்பெயர் சூட்டப்பட்டது. டிஎன்ஏவைக் கண்டறியும் முறை அதைக் கண்டுபிடித்த எட்வின் சதர்னின் பெயரால் சதர்ன் பிளாட் என வழங்கியது. சதர்ன் என்பது தெற்கையும் குறிக்கும் என்பதால், அதையொட்டிச் சொல் விளையாட்டாக மேற்கைக் குறிக்கும் வெஸ்டர்ன் என்ற பெயர் வைக்கப்பட்டது. அதன் படிகள் வருமாறு:

1. உயிரணுக்களை உடைத்துப் புரதச் சாறு எடுக்கப்படுகிறது. சர்ட்1 பெரும்பாலும் உட்கருவில் இருப்பதால் உட்கரு முழுமையாக உடையும் வகையில் கரைசல் அமைய வேண்டும். புரதச் சிதைப்பு நொதிகளைத் தடுக்கும் பொருள்களும் சேர்க்கப்படுகின்றன.

2. எஸ்டிஎஸ் என்னும் சலவைப்பொருளுடன் சாற்றைச் சூடாக்கும்போது புரதங்கள் தம் மடிப்பை இழந்து நீண்ட சங்கிலிகளாகின்றன. எஸ்டிஎஸ் அவற்றின்மீது எதிர்மின்னூட்டத்தைப் பரப்புகிறது.

3. ஜெல்லில் மின்புலம் செலுத்தப்படுகிறது. சிறிய புரதங்கள் விரைவாகவும் பெரிய புரதங்கள் மெதுவாகவும் நகர்ந்து எடை வரிசையில் பிரிகின்றன. எடை தெரிந்த புரதங்களின் கலவை ஒரு தடத்தில் அளவுகோலாக ஓட்டப்படுகிறது.

4. பிரிந்த புரதங்கள் ஜெல்லிலிருந்து சவ்வுக்கு மாற்றப்படுகின்றன.

5. சவ்வின் வெற்றிடங்கள் கொழுப்பு நீக்கிய பால்பொடிக் கரைசலால் மூடப்படுகின்றன. இவ்வாறு செய்யாவிட்டால் பிறபொருளெதிரி சவ்வு முழுவதும் ஒட்டிக்கொள்ளும்.

6. சர்ட்1 பிறபொருளெதிரி நீர்த்த நிலையில் சேர்க்கப்படுகிறது. 1000 பங்கிற்கு 1 பங்கு என்பது பல ஆய்வகங்களில் தொடக்க அளவாக உள்ளது. 4 பாகை செல்சியசில் இரவு முழுவதும் வைப்பது வழக்கம்.

7. கழுவிய பின் இரண்டாம்நிலைப் பிறபொருளெதிரி சேர்க்கப்படுகிறது. முதலாவது முயலில் உருவானதாயின், இரண்டாவது முயல் பிறபொருளெதிரியைப் பற்றுவதாக இருக்க வேண்டும். இதனுடன் பெராக்சிடேஸ் என்னும் நொதி இணைக்கப்பட்டிருக்கும். உரிய வேதிப்பொருளைச் சேர்த்ததும் ஒளி உமிழப்பட்டு, பட்டை பதிவாகிறது.

எல்லாத் தடங்களிலும் ஒரே அளவு புரதம் இடப்பட்டதா என்பதைக் காட்ட, அதே சவ்வில் ஆக்டின் போன்ற வேறொரு புரதமும் பார்க்கப்படுகிறது. ஆக்டின் சுமார் 42 கிலோடால்டன் எடை கொண்டது. சர்ட்1 பட்டை மங்கலாகவும் ஆக்டின் பட்டையும் அதே அளவு மங்கலாகவும் இருந்தால் குறைந்தது சர்ட்1 அன்று, தடத்தில் இடப்பட்ட சாறே.

82 கிலோடால்டனா, 120 கிலோடால்டனா?

அமினோ அமிலங்களின் எண்ணிக்கையிலிருந்து கணக்கிட்டால் மனிதச் சர்ட்1 புரதத்தின் எடை சுமார் 82 கிலோடால்டன். ஆனால் ஜெல்லில் அது 110 முதல் 120 கிலோடால்டன் அருகில் தோன்றுகிறது. புதிதாக இப்புரதத்தை ஆராயத் தொடங்கும் மாணவர்கள் குழம்பும் இடம் இதுவே.

எஸ்டிஎஸ் ஜெல் புரதத்தின் எடையை நேரடியாக அளப்பதில்லை. அது நகரும் வேகத்தையே காட்டுகிறது. புரதங்கள் எல்லாம் தம் நீளத்திற்கேற்ற அளவு எஸ்டிஎஸ் மூலக்கூறுகளை ஏற்கும் என்ற எடுகோளின்மேல் அந்த அளவுகோல் நிற்கிறது. சர்ட்1 புரதத்தில் எதிர்மின்னூட்டம் கொண்ட அமில வகை அமினோ அமிலங்கள் மிகுதி. இத்தகைய புரதங்கள் எஸ்டிஎஸ் மூலக்கூறுகளைக் குறைவாகவே ஏற்பதால் எதிர்பார்த்ததைவிட மெதுவாக நகர்கின்றன. பாஸ்பேட் போன்ற தொகுதிகள் சேர்வதும் நகர்வை மாற்றக்கூடும்.

இதனால் இருவகைத் தவறுகள் நேரலாம். 120 கிலோடால்டன் அருகில் தோன்றும் சரியான பட்டையை, எடை பொருந்தவில்லை என்று சிலர் ஒதுக்கிவிடலாம். 82 கிலோடால்டனில் தோன்றும் வேறொரு புரதத்தின் பட்டையை, எடை பொருந்துகிறது என்பதற்காகவே சர்ட்1 என்று சிலர் ஏற்றுக்கொள்ளலாம். இரண்டாவது தவறே ஆபத்து மிக்கது. எதிர்பார்த்த எண்ணில் பட்டை கிடைத்தவுடன் ஐயம் எழுவதில்லை.

மேலும், சிறிய பட்டைகள் அனைத்தும் போலி என்றும் கொள்ள இயலாது. அழற்சிச் சமிக்ஞைக்கு உட்படும் குருத்தெலும்பு உயிரணுக்களில் சர்ட்1 வெட்டப்பட்டுச் சுமார் 75 கிலோடால்டனில் ஒரு துண்டு தோன்றுவது ஆய்வுகளில் காட்டப்பட்டுள்ளது. 8ஆம் எக்சான் விடுபட்ட ஒரு மாற்று வடிவமும் அறியப்பட்டுள்ளது. ஒரு துண்டு கண்ணுக்குத் தெரிவதும் தெரியாமல் போவதும் பிறபொருளெதிரியின் எபிடோப் அத்துண்டில் உள்ளதா என்பதைப் பொறுத்தது. இறுதி முனையைப் பற்றும் பிறபொருளெதிரி, அம்முனை வெட்டுண்ட துண்டைக் காட்டாது.

பிற பயன்பாடுகள்

ஒளிர்சாய நிறமேற்றம்: உயிரணுக்களை நிலைப்படுத்தி, சர்ட்1 பிறபொருளெதிரியையும் ஒளிர்சாயம் இணைந்த இரண்டாம்நிலைப் பிறபொருளெதிரியையும் சேர்த்து நுண்ணோக்கியில் காண்பது. உட்கருவைக் காட்டும் சாயத்துடன் சர்ட்1 ஒளி ஒன்றிப் பொருந்துகிறதா என்று பார்க்கப்படுகிறது. சில உயிரணுக்களில் சர்ட்1 சைட்டோபிளாசத்திற்கும் செல்வதுண்டு. ஆகவே உட்கருவிற்கு வெளியே தெரியும் ஒளியைப் புதிய செய்தி என்றோ பிழை என்றோ உடனே முடிவு செய்ய முடியாது. வெஸ்டர்ன் பிளாட்டில் எடையாவது ஒரு துணைச் சான்றாக அமையும். நுண்ணோக்கியில் அதுவும் இல்லை.

திசு நிறமேற்றம்: பாரபினில் பதித்த திசுச் சீவல்களில் சர்ட்1 பார்க்கப்படுகிறது. ஃபார்மலின் புரதங்களைக் குறுக்கே பிணைத்து எபிடோப்பை மறைப்பதால், முதலில் சீவலை உரிய கரைசலில் சூடாக்கி எபிடோப்பை வெளிக்கொணர வேண்டும். சுண்டெலியில் உருவான பிறபொருளெதிரியைச் சுண்டெலித் திசுவில் பயன்படுத்தினால், திசுவில் இயல்பாக உள்ள பிறபொருளெதிரிகளையும் இரண்டாம்நிலை வினைப்பொருள் பற்றும். அதனால் எங்கும் நிறம் தெரியலாம்.

பிரித்தெடுத்தல்: பிறபொருளெதிரியைச் சிறு மணிகளில் பிணைத்து, சாற்றிலிருந்து சர்ட்1 புரதமும் அதனுடன் சேர்ந்திருக்கும் புரதங்களும் வெளியே இழுக்கப்படுகின்றன. இங்கு புரதம் மடிந்த நிலையில் உள்ளது. வெஸ்டர்ன் பிளாட்டில் விரிந்த சங்கிலியைப் பற்றும் பிறபொருளெதிரி, மடிந்த புரதத்தைப் பற்ற வேண்டும் என்பதில்லை. பிரித்தெடுத்ததை ஜெல்லில் ஓட்டும்போது பிறபொருளெதிரியின் சொந்தச் சங்கிலிகளும் 50, 25 கிலோடால்டன்களில் பட்டைகளாகத் தோன்றும். 110 கிலோடால்டனுக்கு மேல் தோன்றும் சர்ட்1 பட்டையை இவை மறைப்பதில்லை. ஆனால் 28 கிலோடால்டன் எடையுள்ள முதிர்ந்த சர்ட்3 இலகுச் சங்கிலியின் பட்டைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

குரோமாட்டின் ஆய்வு: டிஎன்ஏவின் எந்தப் பகுதிகளில் சர்ட்1 அமர்ந்துள்ளது என்பதை அறிய, டிஎன்ஏவுடன் பிணைந்த நிலையிலேயே அது பிரித்தெடுக்கப்படுகிறது.

அளவும் செயலும்

சர்ட்1 பிறபொருளெதிரி புரதத்தின் அளவைக் காட்டும். அதன் நொதிச் செயலைக் காட்டாது. என்ஏடி குறைந்த உயிரணுவில் சர்ட்1 நிறைய இருந்தும் மந்தமாகவே செயல்படலாம். ஆகவே "சர்ட்1 தூண்டப்பட்டது" என்று கூற, பட்டையின் அடர்த்தி மட்டும் போதாது.

செயலை மறைமுகமாகக் காண, பி53 புரதத்தின் 382ஆம் லைசினில் அசிட்டைல் இருந்தால் மட்டும் பற்றும் வேறொரு பிறபொருளெதிரி பயன்படுகிறது. சர்ட்1 செயல் கூடினால் இப்பட்டை மங்க வேண்டும். ஆனால் வேறு வகை அசிட்டைல் நீக்கி நொதிகளும் பி53 மீது செயல்படுகின்றன. அவற்றை டிரைகோஸ்டாட்டின் ஏ என்னும் பொருள் தடுக்கும். சர்டுயின்களை அது தடுக்காது. இஎக்ஸ்-527 என்னும் பொருள் சர்ட்1 நொதியைத் தெரிந்து தடுக்கும். இவ்விரண்டையும் தனித்தனி மாதிரிகளில் சேர்த்து ஒப்பிட்டால் மாற்றம் யாரால் விளைந்தது என்பது தெளிவாகும்.

சர்ட்1 புரதத்தின் 47ஆம் செரினில் பாஸ்பேட் சேர்ந்த வடிவத்தை மட்டும் பற்றும் பிறபொருளெதிரிகளும் உள்ளன. இவற்றிற்குப் பால்பொடிக் கரைசலைத் தவிர்ப்பது நல்லது. பாலிலுள்ள கேசீன் புரதம் பாஸ்பேட் கொண்டதாதலால் பின்னணி கூடும். அதற்குப் பதிலாக மாட்டுக் குருதி ஆல்புமின் பயன்படுத்தப்படுகிறது.

சரிபார்த்தல்

பிறபொருளெதிரிகளைச் சரிபார்ப்பதற்கு ஒரு பன்னாட்டுப் பணிக்குழு 2016இல் ஐந்து வழிகளை முன்வைத்தது. அவற்றைச் சர்ட்1 புரதத்திற்குப் பொருத்தினால்:

1. மரபணு வழி: சர்ட்1 மரபணுவை நீக்கிய உயிரணுவையும் இயல்பான உயிரணுவையும் அருகருகே ஓட்டுவது. உண்மையான பட்டை நீக்கிய தடத்தில் மறைய வேண்டும். மறையாத பட்டை சர்ட்1 அன்று.

2. வேறு அளவீட்டு வழி: பல உயிரணு வகைகளில் நிறை நிறமாலையியல் போன்ற, பிறபொருளெதிரி தேவைப்படாத முறையால் சர்ட்1 அளவை அறிந்து பட்டையின் அடர்த்தியுடன் ஒப்பிடுவது.

3. தனித்த பிறபொருளெதிரி வழி: தொடக்க முனையைப் பற்றும் ஒன்றும் இறுதி முனையைப் பற்றும் மற்றொன்றும் ஒரே முடிவைத் தருகின்றனவா என்று பார்ப்பது.

4. அடையாளம் பொருத்திய புரத வழி: சர்ட்1 புரதத்துடன் ஓர் அடையாளப் பகுதியை இணைத்து, இரண்டும் ஒரே இடத்தில் தோன்றுகின்றனவா என்று பார்ப்பது.

5. பிரித்தெடுத்து இனங்காணும் வழி: பிறபொருளெதிரி இழுத்து வந்த புரதங்களை நிறை நிறமாலையியலால் இனங்காண்பது.

இவற்றுள் முதல் வழி மிகவும் தெளிவானது. முன்பு இதற்கு மரபணு நீக்கிய சுண்டெலிகள் தேவைப்பட்டன. சர்ட்1 இல்லாத சுண்டெலிகளில் பெரும்பாலானவை பிறப்பை ஒட்டி இறந்துவிடுவதால், அவற்றின் கருவிலிருந்து எடுத்த உயிரணுக்களே பயன்பட்டன. இப்போது கிறிஸ்பர் முறையால் வளர்ப்பு உயிரணுக்களிலேயே மரபணுவை நீக்கலாம்.

இதிலும் கவனம் தேவை. சில சுண்டெலி வகைகளில் சர்ட்1 மரபணு முழுவதும் நீக்கப்படாமல் 4ஆம் எக்சான் மட்டுமே நீக்கப்பட்டுள்ளது. அவற்றில் நொதிச் செயல் இழந்த, சற்றுக் குறுகிய சர்ட்1 புரதம் உருவாகிறது. அங்கு பட்டை மறையாது, சற்றுக் கீழிறங்கும். இதை அறியாதவர் நல்ல பிறபொருளெதிரியையே தவறானது என்று கருதிவிடலாம்.

சர்ட்1 புரதத்தைச் செயற்கையாக மிகுதியாக உருவாக்கிய உயிரணுவில் வலுவான பட்டை கிடைப்பது மட்டும் போதிய சான்றாகாது. இயல்பான உயிரணுவில் உள்ளதைவிடப் பன்மடங்கு புரதம் அங்கு இருப்பதால், வலுவற்ற பிறபொருளெதிரியும் அதைக் காட்டிவிடும்.

மேலும், சரிபார்ப்பு பயன்பாட்டுக்குப் பயன்பாடு வேறுபடும். வெஸ்டர்ன் பிளாட்டில் தேறிய பிறபொருளெதிரி திசு நிறமேற்றத்தில் தவறலாம்.

தவறான பிறபொருளெதிரியின் விளைவுகள்

பிறபொருளெதிரிகளின் தரம் குறித்த கவலை அறிவியல் உலகில் பரவலாக எழுந்துள்ளது. 2015இல் நூற்றுக்கும் மேற்பட்டோர் இணைந்து, ஆய்வுக்கான பிறபொருளெதிரிகளை அவற்றின் வரிசையால் வரையறுக்க வேண்டும் என்று நேச்சர் இதழில் வலியுறுத்தினர். நரம்பியல் தொடர்பான 65 புரதங்களுக்கு விற்பனையில் உள்ள 614 பிறபொருளெதிரிகளை மரபணு நீக்கிய உயிரணுக்களால் சோதித்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. இலக்கை அடையாளம் காணத் தவறிய பிறபொருளெதிரிகள் ஏற்கெனவே பல ஆய்வுக் கட்டுரைகளில் பயன்படுத்தப்பட்டிருந்ததை அது காட்டியது.

சர்டுயின் துறையில் கருவிகளைப் பற்றிய எச்சரிக்கைக்குத் தனிக் காரணமும் உண்டு. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் சர்ட்1 நொதியைத் தூண்டுகிறது என்று 2003இல் அறிவிக்கப்பட்டது. அந்தச் சோதனையில் ஒளிர்சாயம் ஒட்டிய பெப்டைடு பயன்பட்டிருந்தது. சாயம் இல்லாத பெப்டைடுகளில் அந்தத் தூண்டல் தென்படவில்லை என்று 2005இல் இரு குழுக்கள் காட்டின. பின்னர் 2013இல் வெளியான ஆய்வு, பெப்டைடில் குறிப்பிட்ட சில இயற்கை அமினோ அமிலங்கள் இருந்தால் சாயமின்றியும் தூண்டல் நிகழும் என்று தெரிவித்தது. இது பிறபொருளெதிரி தொடர்பான விவாதம் அன்று. எனினும், கருவியின் இயல்பு புரதத்தின் இயல்பாகத் தோற்றமளிக்கக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது. முதுமையைத் தள்ளிப்போடும் என்ற நம்பிக்கையுடன் பேசப்படும் ஒரு புரதத்தில் இத்தகைய பிழை ஆய்வகத்தோடு நிற்பதில்லை. அது மருந்து ஆய்வுகளையும் மக்களின் எதிர்பார்ப்பையும் தொடர்ந்து பாதிக்கிறது.

சேமிப்பும் கையாளுதலும்

பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் கிளிசரால் கலந்த கரைசலில் கழித்தல் 20 பாகை செல்சியசில் வைக்கப்படுகின்றன. கிளிசரால் கரைசல் உறைவதைத் தடுக்கிறது. கிளிசரால் இல்லாதவற்றைச் சிறு பங்குகளாகப் பிரித்து வைக்க வேண்டும். மீண்டும் மீண்டும் உறையவிட்டு உருக்கினால் புரதம் திரண்டு பிணைப்புத் திறன் குறையும்.

நுண்ணுயிர்கள் வளராதிருக்கச் சோடியம் அசைடு சேர்க்கப்படுவதுண்டு. இது நச்சுத்தன்மை உடையது. மேலும் பெராக்சிடேஸ் நொதியையும் தடுப்பதால், அந்நொதி இணைந்த இரண்டாம்நிலைப் பிறபொருளெதிரியின் கரைசலில் இதைச் சேர்க்கக் கூடாது.

தகவல் தாளைப் படித்தல்

ஒவ்வொரு பிறபொருளெதிரியுடனும் ஒரு தகவல் தாள் வருகிறது. வாங்குமுன்னும் பயன்படுத்துமுன்னும் அதில் பார்க்க வேண்டியவை:

தூண்டுபொருள் சர்ட்1 புரதத்தின் எப்பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது.
எந்த விலங்கில் உருவாக்கப்பட்டது; பாலிக்ளோனல், மோனோக்ளோனல், மறுசேர்க்கை வகைகளுள் எது.
மனிதர், சுண்டெலி, எலி ஆகியவற்றுள் எந்த உயிரினத்தின் சர்ட்1 புரதத்தைப் பற்றும்.
எந்தப் பயன்பாட்டில் சோதிக்கப்பட்டது.
மரபணு நீக்கிய உயிரணுவின் படம் உள்ளதா.
படத்தில் சவ்வு முழுவதும் காட்டப்பட்டுள்ளதா, ஒரு பட்டை மட்டும் வெட்டி எடுக்கப்பட்டுள்ளதா.
தொகுதி எண்.

ஆய்வு முடிவுகளை வெளியிடும்போது பிறபொருளெதிரியின் பட்டியல் எண், தொகுதி எண், நீர்த்தல் அளவு, சரிபார்த்த முறை ஆகியவற்றைக் குறிப்பிடுவது நல்ல நடைமுறையாகும். "சர்ட்1 பிறபொருளெதிரி பயன்படுத்தப்பட்டது" என்று மட்டும் எழுதினால், வேறோர் ஆய்வகம் அதே சோதனையைத் திரும்பச் செய்ய இயலாது. வெட்டப்படாத முழுச் சவ்வின் படத்தையும் இணைத்தால், எடை அளவுகோலையும் பிற பட்டைகளையும் படிப்பவர் தாமே பார்த்து முடிவு செய்யலாம்.